கோ. நடேசய்யரும் மலையகத்தின் தொடக்ககாலச் சமதர்மச் சிந்தனையும்

இலங்கைச் சமதர்ம இயக்கத்தின் வரலாற்றை 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முன்னரே தோட்டத் தொழிலாளரின் உழைப்பையும் கடனையும் பற்றி எழுதிய கோ. நடேசய்யர், தொழிற்சங்க முன்னோடியாக மட்டுமே பெரிதும் நினைக்கப்படுகிறார். அவரைச் சிந்தனையாளராகவும் நோக்குதல் அவசியமென நாம் கருதுகிறோம்.

தஞ்சாவூரைச் சேர்ந்த நடேசய்யர் கணக்கியல் அறிந்தவர். 1920இல் இலங்கையிற் குடியேறி, ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளில் ஆசிரியராக விளங்கினார். துணி வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குட் சென்று தொழிலாளரின் நிலையை அறிந்தாரென்பது பரவலாக அறியப்பட்ட செய்தியாகும்.

அவர் எதிர்த்த கங்காணிமுறையின் அடிப்படை கடனாகும். தொழிலாளர் வேறு தோட்டத்துக்கு மாறும்போது, அவர்தம் கடன்தொகை ‘துண்டு’ எனும் சீட்டில் எழுதப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி அவர்களைப் பெற்றுக்கொண்டது. தனது உழைப்புச் சக்தியை விரும்பியவர்க்கு விற்கும் சுதந்திரந்தானும் தொழிலாளிக்கு இருக்கவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எனினும் கடனும் கங்காணிக்குரிய தலைக்காசும் தொடர்ந்தன. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மலைநாட்டு ஆண் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலி 54 சதமாக நிர்ணயிக்கப்பட்டது. 1930களின் தொடக்கத்துப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. கூலியைப் பற்றி மட்டும் பேசாது கங்காணிமுறையையே அவர் தாக்கியதன் பொருத்தம் இங்குப் புலனாகும்.

1931இல் தமது தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் அட்டனில் நிறுவினார். நாவலப்பிட்டியிலிருந்து வட்டவளை வழியாக அட்டனுக்கு ஏறும் புகையிரதப் பாதையின் இருமருங்கும் தோட்டங்களே. தோட்டத்தினுள் வெளியார் நுழைவதை அத்துமீறலாகக் கொண்டு துரைமார் தடுத்தனர். தமது லயத்திற் கூடமுடியாத தொழிலாளருக்குத் துரையின் ஆணை செல்லாத நகரமே இயல்பான கூடுமிடமாயிற்று. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடினார். எழுத்தறியாத தொழிலாளரையும் அவ்வழியே கருத்துகள் சென்றடைந்தன.

நடேசய்யரின் வரையறைகளையும் நாம் மறைத்தலாகாது. ஏ. ஈ. குணசிங்காவுடன் இணைந்து கொழும்புத் தொழிலாளரிடையே பணியாற்றிய அவர், 1920களின் இறுதியிற் பிரிந்தார். இந்தியத் தொழிலாளருக்கெதிராகக் குணசிங்கா திரும்பியமையே அதன் அடிப்படை. வர்க்க ஒற்றுமை இனவுணர்வின் முன் சிதறியபோது, நடேசய்யரின் அமைப்பும் ‘இந்திய’ எனும் அடையாளத்தையே தாங்கிற்று. தற்காப்பாக எழுந்த அவ்வடையாளம் சிங்கள உழைப்பாளரை அணுகும் வழியைக் குறுக்கிற்று. 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான பின்னரும் அவ்விடைவெளி அகலவில்லை.

1947இல் அவர் மறைந்தார். 1948இல் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. இடதுசாரிகள் அதனை நாடாளுமன்றத்தில் எதிர்த்தனர். ஆயினும் அதனைத் தடுக்கவல்ல தொழிலாளர் ஒற்றுமை நாட்டிற் கட்டப்பட்டிருக்கவில்லை. கடன் எனும் தளையை நடேசய்யர் தெளிவுறக் கண்டார். இனம் எனும் தளையை அறுக்கும் வழி அவருக்கும் அகப்படவில்லை, அவர்காலத்து இடதுசாரிகளுக்கும் அகப்படவில்லை. அவரைக் கற்பதன் தேவை இவ்விரண்டையும் ஒருங்கே உணர்வதிலேயே தங்கியுள்ளது.