அரங்கிலிருந்து இல்லத்திற்கு

நாடகம் காலத்திற்கும் இடத்திற்கும் கட்டுப்பட்ட கலை. திரை விழுந்ததும் அன்றைய நடிப்பு மறைந்துவிடுகிறது. கண்டவர் நினைவில் மட்டுமே அது நிற்கிறது. அரங்கிற்கு வர இயலாதவரிடம் நாடகத்தைக் கொண்டு செல்ல மேல்நாட்டார் செய்த முயற்சிகளின் வரலாற்றை இங்கே காண்போம்.

1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. கிளெமான் அதேர் என்னும் பொறியியல் அறிஞர், ஆப்பெரா அரங்கின் மேடை ஓரத்தில் ஒலிவாங்கிகளை அமைத்து, டெலிபோன் கம்பிகளின் வழியே அங்கு நிகழ்ந்த இசை நாடகத்தைப் பொருட்காட்சிக்கு வந்தோர் கேட்குமாறு செய்தார். இரு காதுகளுக்கும் தனித்தனிக் கேட்குழல்கள் இருந்தன. 1890 முதல் சந்தா செலுத்தியோரின் இல்லங்களிலும் இவ்வசதி கிட்டியது. பின்னர் வானொலி தோன்றி, கம்பியின் துணையின்றியே அப்பணியைச் செய்யத் தொடங்கியது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா 1931ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஒரு முழு இசை நாடகத்தை ஒலிபரப்பியது.

செவிக்குக் கிட்டியது கண்ணுக்கும் கிட்ட வேண்டாமா? 1964இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த ‘ஹாம்லெட்’ நாடகத்தை, அவையோர் முன்னிலையில் மேடையில் நடந்தவாறே படமாக்கி, நாடெங்கும் ஏறத்தாழ ஆயிரம் சினிமாக் கொட்டகைகளில் இரண்டே நாட்கள் காட்டினார்கள். அதன்பின் பிரதிகளையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். பர்ட்டன் மறைந்த பிறகு அவர் இல்லத்தில் ஒரு பிரதி எஞ்சியிருக்கக் கண்டார்கள். அந்த ஒரு பிரதி தப்பியதனால்தான் அந்நடிப்பை இன்றும் நாம் பரவலாகக் காண முடிகிறது. பதிவு என்பது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு இது சான்று.

2009ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் லண்டன் தேசிய நாடக அரங்கு, ஹெலன் மிர்ரன் நடித்த ‘ஃபேத்ர்’ நாடகத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் திரையரங்குகளுக்கு நேரே அனுப்பியது. அத்திட்டம் தொடர்ந்து வளர்ந்தது. நம் நாட்டில் மும்பையின் தேசிய நிகழ்கலை மையத்திலும் அந்நாடகங்கள் திரையிடப்பட்டன.

2020 மார்ச் மாதம் கொள்ளை நோயினால் லண்டன் அரங்குகள் மூடப்பட்டன. திரையரங்குகளுக்கென எடுத்த பதிவுகள் அப்பொழுது வேறொரு பயனுக்கு வந்தன. ஏப்ரல் 2 தொடங்கி, வாரம் ஒரு நாடகமாகத் தேசிய அரங்கு இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. முதலில் வந்தது ‘ஒன் மேன், டூ கவ்னர்ஸ்’ என்னும் நகைச்சுவை நாடகம். இத்தாலிய ஆசிரியர் கோல்டோனி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய நாடகத்தின் தழுவல் அது. அவ்வாண்டு டிசம்பரில் கட்டணச் சேவையும் தோன்றியது.

பள்ளிகளுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாடகத்தில் பெனடிக்ட் கம்பர்பாட்ச், ஜானி லீ மில்லர் ஆகிய இருவரும் படைத்தவன், படைக்கப்பட்டவன் என்னும் பாத்திரங்களை இரவுக்கு இரவு மாற்றி நடித்தனர். அரங்கில் இரண்டையும் காண இருமுறை சீட்டு வாங்க வேண்டும். வகுப்பறையிலோ, இரு பதிவுகளிலும் ஒரே காட்சியை அடுத்தடுத்துக் காட்டி, நடிகர் மாறினால் பொருள் எவ்வாறு மாறுகிறது என்று ஆசிரியர் விளக்கலாம். நாடகத்தை அச்சில் மட்டுமே கண்ட மாணவனுக்கு இது புதிய கல்வி.

இதில் குறை இல்லையோ எனில், உண்டு. அரங்கில் நம் கண் தான் விரும்பிய இடத்தை நோக்கும். பதிவிலோ காமிரா காட்டியதையே காண்கிறோம். பேசுபவரின் முகம் திரையை நிறைக்கும்போது, மேடை மூலையில் வாய் பேசாது நிற்பவரின் வேதனை நமக்குத் தெரியாமற் போகிறது. அன்றியும், இலவசக் காட்சி காண்போர் நெஞ்சை நிறைக்கலாம். நடிகரின் அடுப்பை எரிக்காது. ஆசிரியருக்கும் நடிகருக்கும் மேடைத் தொழிலாளருக்கும் உரிய பங்கு கிடைக்கும்போதுதான் இவ்வழி நிலைக்கும்.

எனினும், பதிவு செய்யப்படாத நாடகங்களைப் பின்வருவோர் காண வழியே இல்லை. எதைப் பதிவு செய்கிறோமோ அதுவே அவர்கள் கண்ணுக்கு எட்டும். ஆகவே, எந்த நாடகத்தைக் காப்பது, எவருக்குக் காட்டுவது என்னும் வினாக்களைப் பொருட்செலவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு நாம் முடிவு செய்தல் தகாது.