காட்டில் கிடைத்த துப்பாக்கிகள்



வரலாறு என்றவுடன் அரசர்களும் ஆளுநர்களும் போட்ட உடன்படிக்கைகளே நம் நினைவுக்கு வருகின்றன. சாலை ஓரத்திலும் காட்டு வழியிலும் யாரோ விட்டுச் சென்ற ஒரு பொருளும் ஒரு நாட்டின் வரலாற்றைத் திருப்பிவிடக்கூடும். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு பொருளைப் பற்றியதே. 1941, 1942ஆம் ஆண்டுகளில் மலாயாவின் காடுகளிலும் பால்மரத் தோட்டங்களிலும் கிடந்த துப்பாக்கிகள் யார் கைக்குப் போயின, அவற்றை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டவர்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். அவர்களுடைய முதன்மைப் படை தாய்லாந்து வழியாக வந்து கெடாவுக்குள் புகுந்தது. டிசம்பர் 11 முதல் 13 வரை ஜித்ராவில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ், இந்தியத் துருப்புகள் நிலைகுலைந்து பின்வாங்கின. இரவு நேரம், கொட்டும் மழை, சேறு, அறுந்துபோன தொலைபேசிக் கம்பிகள். எந்தப் படைப்பிரிவு எங்கே நிற்கிறது என்றே தலைவர்களுக்குத் தெரியவில்லை. பீரங்கிகளும் லாரிகளும் துப்பாக்கிகளும் தோட்டாப் பெட்டிகளும் அங்கேயே விடப்பட்டன.

அதன்பின் பேராக்கில் கம்பார் மலைச்சரிவில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கடுமையான சண்டை நடந்தது. அங்கே பிரிட்டிஷ் தரப்பு நன்றாகவே தாக்குப்பிடித்தது. ஆனால் ஜப்பானியர் கடல் வழியாகப் பின்புறம் இறங்கிவிடவே அந்த இடத்தையும் விட்டுப் போக நேர்ந்தது. அடுத்தது சிலிம் ரிவர். 1942 ஜனவரி 7ஆம் நாள், விடிவதற்கு முன் நிலா வெளிச்சத்தில், ஏறத்தாழ முப்பது ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலை வழியே பாய்ந்து வந்தன. துரோலாக், குளூனி தோட்டம், சிலிம் கிராமம் என்று பால்மரங்களுக்கு நடுவே அமைத்திருந்த காவல் நிலைகள் சில மணி நேரத்தில் சிதறின. பாலங்களும் பறிபோயின. பிடிபடாமல் தப்பிய வீரர்கள் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கினர்.

இந்த வீரர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் தூக்கிச் சென்ற .303 ரைபிள் ஒன்றின் எடை சுமார் நான்கு கிலோ. பிரென் எனப்படும் இலகு இயந்திரத் துப்பாக்கியின் எடை சுமார் பத்து கிலோ. சோறு இல்லை, தண்ணீர் இல்லை, காலில் புண், உடம்பில் காய்ச்சல். அப்படிப்பட்டவன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு நடப்பது இயல்புதானே? ஒருவன் உயிர் பிழைக்க எறிந்த துப்பாக்கி இன்னொருவனுக்குப் புதையலாகிறது. கண்டெடுத்த துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதை இழந்தவன் ஒருவன் இருந்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்தப் புதையலைத் தேடிப் போனவர்கள் யார்? மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர். இந்தப் படையை நடத்தியது மலாயா கம்யூனிஸ்ட் கட்சி. 1941 டிசம்பரில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் அக்கட்சியினரும் ஓர் இணக்கத்துக்கு வந்தனர். அதன்படி 101ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளியில் நூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் அவசர அவசரமாகப் பயிற்சி பெற்று, எதிரியின் பின்புறத்தில் இருந்து தொல்லை கொடுக்க அனுப்பப்பட்டனர். நேற்றுவரை சிறையில் அடைத்து வைத்தவர்களையே இன்று அழைத்துத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அரசு. ஆபத்து வந்தால் பகையும் உறவாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் பயிற்சி பெற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆயுதம் மிகக் குறைவு. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் விழுந்தது. வெளியிலிருந்து உதவி வரும் வழி அடைபட்டது. அப்போதுதான் போர்க்களங்களில் கிடந்தவை அவர்களுக்குக் கைகொடுத்தன. பேராக்கில் இருந்தவர்கள் கம்பார், சிலிம் ரிவர் பக்கமும், வடக்கே இருந்தவர்கள் ஜித்ரா பக்கமும் தேடிச் சேர்த்தனர். அந்நாளில் பேராக் காட்டில் ஒளிந்து வாழ்ந்த பிரிட்டிஷ் அதிகாரி ஸ்பென்சர் சாப்மன் 1949இல் வெளியிட்ட நூலிலும், கட்சியின் தலைவராக விளங்கிய சின் பெங் 2003இல் வெளியிட்ட நூலிலும் அந்தக் காட்டு வாழ்க்கையை இரு வேறு பக்கங்களிலிருந்து பார்க்கலாம். சித்தியவானில் பிறந்த சின் பெங்குக்கு அப்போது வயது பதினேழுதான்.

இவர்கள் மட்டுமே தேடவில்லை. எந்தக் கொள்கையும் இல்லாத கொள்ளைக் கூட்டங்களும் ஆயுதம் பொறுக்கின. ஒரே இடத்தில் கிடந்த ஒரே வகைத் துப்பாக்கி, ஒருவன் கையில் ஜப்பானியனை எதிர்த்தது. மற்றொருவன் கையில் கிராமத்து மக்களின் அரிசியையும் கோழியையும் பறித்தது. ஜப்பானியர் கண்ணில் பட்டாலோ, ஆயுதம் வைத்திருந்தவனுக்குச் சித்திரவதையும் மரணமும்தான்.

துப்பாக்கி கிடைத்துவிட்டால் போதுமா என்று கேட்டால், போதாது. நம் நாட்டு மழைக்கும் ஈரத்துக்கும் இரும்பு சில வாரங்களில் துருப்பிடிக்கும். நாள்தோறும் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் அது வெறும் இரும்புத் தடிதான். அடுத்த தொல்லை தோட்டா. பிரிட்டிஷ் ரைபிளின் தோட்டா ஜப்பானிய ரைபிளில் பொருந்தாது. வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா இரண்டிலும் பொருந்தாது. பத்து விதமான துப்பாக்கி வைத்திருக்கும் கூட்டத்துக்குப் பத்து விதமான தோட்டா வேண்டும். சுட்டுப் பழகவும் வழியில்லை, சுட்டால் தீர்ந்துவிடும். ஆதலால் அதிர்ஷ்டத்தால் கிடைத்த ஆயுதத்தை உயிரோடு வைத்திருந்தது உழைப்பும் ஒழுங்குமே அன்றி வேறில்லை.

1943ஆம் ஆண்டு நிலைமை மாறத் தொடங்கியது. மே மாதம் ஜான் டேவிஸ் என்ற அதிகாரி நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினார். அவர் 136ஆம் படை என்ற இரகசிய அமைப்பைச் சேர்ந்தவர். சிங்கப்பூர் வணிகர் லிம் போ செங்கும் பின்னர் வந்து சேர்ந்தார். ஆண்டின் கடைசி நாட்களில் பீடோருக்கு மேலே பிளாந்தான் மலை முகாமில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாடு எழுதின. காட்டுப்படை நேச நாடுகளின் கட்டளைப்படி போரிடும். பதிலுக்கு பிரிட்டிஷார் ஆயுதமும் பணமும் மருந்தும் பயிற்சியும் தருவார்கள். போருக்குப் பின் நாட்டை யார் ஆள்வது என்ற பேச்சை இரு தரப்பும் எடுக்கவில்லை. அந்த மௌனத்துக்குரிய விலையைப் பிற்பாடு நாடே கொடுக்க நேர்ந்தது.

இவ்வளவு நல்ல பேரம் முடிந்தும் ஓராண்டுக்கு மேலாக ஒரு துப்பாக்கிகூட வந்து சேரவில்லை. காரணம் வானொலிக் கருவி. கொண்டு வந்த கருவிகளைக் காட்டில் மறைத்து வைத்து, மேலே சுமந்து சென்று, இயக்குவதற்குள் காலம் ஓடிவிட்டது. இதற்கிடையே லிம் போ செங் பிடிபட்டு, 1944 ஜூன் 29ஆம் நாள் பத்து காஜா சிறையில் உயிர்நீத்தார். 1945 பிப்ரவரியில்தான் இலங்கையில் இருந்த தலைமையகத்தோடு வானொலித் தொடர்பு கிடைத்தது. அதன்பின் இலங்கைத் தளங்களிலிருந்து லிபரேட்டர் விமானங்கள் நீண்ட தூரம் கடல் தாண்டிப் பறந்து வந்து, பாராசூட்டில் இரும்பு உருளைகளை இறக்கின. அவற்றுள் ஸ்டென் துப்பாக்கிகள், கார்பைன்கள், மருந்து, உணவு என எல்லாம் இருந்தன.

காட்டில் விழும் உருளை எல்லாமே கண்டுபிடிக்கப்படுவதில்லை. இது இரு தரப்புக்கும் தெரியும். இதையே கட்சியினர் வாய்ப்பாக எடுத்துக்கொண்டனர். விழுந்த உருளைகளில் சிலவற்றை எடுத்து மறைத்துவிட்டு, காணவில்லை என்று கணக்குக் கொடுத்தனர். எண்ணெயும் மசகும் பூசி, தாள் சுற்றி, மண்ணுக்குள் புதைத்து வைத்தனர். ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்டுக்கும் பிரிட்டிஷார் செப்டம்பரில் வந்து இறங்கியதற்கும் இடைப்பட்ட நாட்களில், காவல் நிலையங்களிலிருந்தும் ஆயுதங்களைக் கைப்பற்றினர்.

1945 டிசம்பர் 1ஆம் நாள் அந்தப் படை கலைக்கப்பட்டது. துப்பாக்கியை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுக்கப்பட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் வந்து சேர்ந்தன. தாங்கள் கொடுத்ததைவிட அதிகமாகவே திரும்பி வந்ததைக் கண்டு அதிகாரிகளுக்கு மனநிறைவு. ஆனால் போர்க்களத்தில் பொறுக்கியவை எத்தனை, காவல் நிலையங்களில் எடுத்தவை எத்தனை என்ற கணக்கு அவர்கள் ஏட்டில் இல்லையே! 1946 ஜனவரி 6ஆம் நாள் சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் பிரபு காட்டுப்படைத் தலைவர்களின் நெஞ்சில் பதக்கம் குத்தினார். மண்ணுக்கு அடியிலோ துப்பாக்கிகள் காத்திருந்தன.

அதிகம் காத்திருக்கவில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. தோட்டப்புறக் குடும்பங்களில் அவசரகாலத்தை அறியாத பெரியவர்கள் இல்லை. லயன்களைச் சுற்றிக் கம்பி வேலி, ஊரடங்கு, வெட்டுக்காட்டுக்குச் சோறு எடுத்துப் போகத் தடை, வேலிக் கதவில் சோதனை. பன்னிரண்டு ஆண்டுகள், 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. பொதுமக்களில் மட்டும் 2,400 பேருக்கு மேல் மாண்டனர்.

அவசரகாலச் சட்டத்தின்படி அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் தூக்குத் தண்டனை. 1943இல் எந்தப் பொருளுக்காக ஒருவன் வீரன் எனப் புகழப்பட்டானோ, அதே பொருளுக்காக 1949இல் ஒருவன் தூக்குமேடை ஏறினான். அந்த ஒருவன் நம்மவன். மலாயாத் தொழிற்சங்கங்களின் அகில மலாயா சம்மேளனத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மார்ச் மாதம் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். அவரிடம் ஒரு சுழல் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. அதைக் கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கக் கொண்டு போனார் என்பது தமிழரிடையே வழிவழியாக வழங்கிவரும் செய்தி. நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இந்திய அரசாங்கம் கருணை காட்டும்படி கேட்டும் பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கணபதியின் அரசியல் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே வரவில்லை. அவரைப் போற்றியவர்களும் உண்டு, அஞ்சியவர்களும் உண்டு. ஆனால் பிடிபட்டு இரண்டு மாதங்கள் கடந்து சில நாட்களிலேயே ஓர் உயிர் போனது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அவசரகாலத்தில் இப்படித் தூக்கிலிடப்பட்டோர் 200 பேருக்கு மேல். அவர்களில் ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காகப் போனவர்கள் பலர்.

சண்டை முழுமையாக ஓய்ந்தது 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தானபோதுதான். அதன் பின்னரே காட்டில் எஞ்சியிருந்த ஆயுதங்கள் அழிக்கப்பட்டன. ஜித்ராவில் ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் கீழே வைத்த நாளிலிருந்து எண்ணினால் நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கண்டெடுத்த துப்பாக்கி யாருக்கும் சொந்தமாக நிற்கவில்லை. பிரிட்டிஷார் இழந்தனர், அதைக் கொண்டே அவர்களுக்கு உதவி கிடைத்தது, பின்னர் அதுவே அவர்களை நோக்கித் திரும்பியது. அதை எடுத்து வைத்தவர்கள் வென்றார்கள் என்றும் சொல்வதற்கில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவே வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள் நம் பாட்டனும் பாட்டியும்தான்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறோம். போர்க்காலத்துக் குண்டுகள் இன்றும் நம் நாட்டில் மண்ணைத் தோண்டும் இடங்களில் அகப்படுகின்றன. மறுநடவுக்கு நிலத்தைப் புரட்டும்போதோ, கால்வாய் வெட்டும்போதோ, துருப்பிடித்த குண்டோ தோட்டாவோ கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள். பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போனால் நாலு காசு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். எண்பது ஆண்டு கடந்தும் வெடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பிள்ளைகளை விலக்கி நிறுத்திவிட்டு, இடத்தை அடையாளம் வைத்து, உடனே போலீசாருக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர் யாரேனும் இருந்தால், இன்றிரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மண்ணில் கிடப்பதை விட்டுவிடுவோம்; பெரியவர்கள் மனத்தில் கிடப்பதை எடுத்து வைப்போம்.