மனையும் பட்டறையும்

கிள்ளான், காப்பார், பந்திங், ஜெஞ்ஜாரோம் பக்கங்களில் விலைக்கு வருகிற ஒன்றிரண்டு ஏக்கர் நிலங்களைப் பார்த்துவர, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு புறப்படுகிற தமிழர்கள் இன்று பலர். இரும்புக் கதவு செய்பவர், லாரி பழுது பார்ப்பவர், மரவேலை ஆசாரி, முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கடைகளுக்குப் போடும் பெண்மணி என்று அவர்கள் தொழில் வேறுபட்டாலும், குடியிருக்க ஒரு வீடு, அதன் அருகிலேயே தொழில் நடத்த ஒரு கொட்டகை, இரண்டும் தம் பெயரிலுள்ள ஒரே மனையில் இருக்க வேண்டும் என்கிற விருப்பம் எல்லோருக்கும் பொதுவானது. நூறாண்டுக்கு மேல் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் உழைத்த ஒரு ஜனசமூகத்துக்கு இத்தனை எளிய விருப்பம் ஏன் இன்னமும் கைக்கு எட்டாமல் இருக்கிறது என்பதை அறிய, அதன் குடியிருப்புச் சரித்திரத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெருப்பும் அதன் இறுதியில் வெள்ளமும் கோலாலம்பூரின் பலகைச் சுவர்களையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்துவிட்ட பிறகு, அடுத்த ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்ட வேண்டுமென்று விதித்தார். அதற்கு வேண்டிய செங்கல்லை அறுத்துச் சுட்டுக் கொடுத்த சூளைகள் நகரின் தெற்கே நிறைந்திருந்த இடந்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் திசைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், களிமண் நிலத்தை அடுத்துத் தண்டவாளங்களும் கிடங்குகளும் பரவின. சூளைப் புகையின் இடத்தை ரயில் புகை பிடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும், தமிழகத்திலிருந்து வந்த ரயில் தொழிலாளர்களுக்கும் குடியிருப்புகள் எழுந்தன. 1905இல் கட்டப்பட்டு ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்று பெயர் பெற்ற வரிசை வீடுகள் அவ்வகையைச் சேர்ந்தவை. ஸ்காட் ரோட்டுக் கந்தசாமி கோயிலும் விவேகானந்தா ஆசிரமமும் தோன்றி அந்த வட்டாரத்துக்குத் தமிழ் ஊரின் லட்சணத்தைக் கொடுத்தன.

செந்தூலிலோ ரயில்வேயின் மத்தியப் பட்டறையே அமைந்தது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் நுட்பமும், கொல்லுலையில் இரும்பைப் பதம் பார்க்கும் சாமர்த்தியமும் அங்கே தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. 1945இல் அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்து சேதப்படுத்திய பிறகும் அப்பட்டறை மீண்டும் எழுந்து வேலை செய்தது. ஆனால் பட்டறை அரசாங்கத்தினுடையது, வீடும் அரசாங்கத்தினுடையது. உத்தியோகம் முடிகிற நாளில் மனிதன் தன் கைத்திறன் ஒன்றையே சுமந்துகொண்டு வெளியே வரவேண்டும். அந்தத் திறனை விரித்து வைக்க ஒரு கஜம் தரை அவனுக்குச் சொந்தமில்லை.

ரயில்வே குடியிருப்பை விடக் கொடுமையாக இந்த நியதி நின்ற இடம் ரப்பர்த் தோட்டம். காட்டை வெட்டிக் கன்று நட்டவனுக்கே அங்கே லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறைதான் உரிமை. பத்தடிச் சதுரத்துக்கு மேற்படாத அந்த அறையின் பலகைத் தடுப்பு கூரையைத் தொடாது. ஒரு வீட்டு விறகுப் புகை நான்கு வீட்டுக் கண்களைக் கரிக்கும். ஒரு வீட்டுக் குழந்தையின் இருமலுக்கு நான்கு வீட்டுத் தாய்மார் விழிப்பார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், மரத்தில் பால் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நடுப்பகலில் திரும்புகிறவர்கள், லயத்தின் பின்னால் மாடு கட்டினார்கள், கீரை போட்டார்கள், கோழிக்கூண்டு முடைந்தார்கள். குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் வீட்டுப் பயிருக்காக ஒதுக்க வேண்டுமென்று அந்நாளைய தொழிலாளர் விதி சொன்னதுண்டு. அந்தச் சிறு துண்டும் அனுபவத்துக்குத்தானே ஒழிய பாத்தியதைக்கு அல்ல. தோட்டத்துப் பாதையில் துரையின் கண்முன் சைக்கிளில் போகும் உரிமை வேண்டும் என்பது 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று என்பதை நினைத்தால், தான் வாழும் மண்ணில் அத்தொழிலாளிக்கு இருந்த ஸ்தானம் விளங்கும்.

வேலையும் வீடும் வேலை கொடுப்பவன் கையிலேயே என்கிற இந்த நியதிக்கு வெளியே நின்றவர்கள் சிலரே. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கடைவீடுகளை வாடகைக்கு எடுத்த பத்தர்களும் தையற்காரர்களும் கீழே தொழிலும் மேலே குடும்பமுமாக வாழ்ந்தார்கள். அஞ்சடி நடைபாதையை அடுத்துத் தாழ்வான பெட்டி ஒன்றன் முன் சம்மணமிட்டு, உமிக்கரியின் தணலை ஊதுகுழலால் உயிர்ப்பித்து, சிந்துகிற பொன்தூளையும் மாலையில் பெருக்கிச் சேர்த்த பத்தருக்கு, உணவு அழைப்பு மாடிப் படியிலிருந்து வரும். பள்ளி விட்டு வந்த பிள்ளை பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தே தொழிலைக் கற்றுக்கொள்ளும். வீடும் பட்டறையும் சேர்ந்திருப்பதால் விளைகிற நன்மை முழுவதும் அங்கே இருந்தது.

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டித்தான் லயத்து அறையும் நிச்சயமில்லை என்கிற பேராபத்து வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய கூட்டு வியாபாரிகள் அவற்றைச் சிறுசிறு பங்குகளாக அறுத்து மறுவிற்பனை செய்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று இந்நாட்டுத் தமிழர் இன்றும் வேதனையோடு சொல்லும் அந்நிகழ்ச்சியில் வேலை போயிற்று. வேலையோடு வீடும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும், சில இடங்களில் தமிழ்ப் பள்ளியும் கோயிலும் ஆட்டம் கண்டன. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து எழுதிய அறிக்கை அதன் விபரீதத்தை அரசாங்கத்தின் முன் வைத்தது.

துண்டாடல் நடந்த அந்த ஆண்டுகளில் அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன், விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் கட்டுங்கள் என்று, துணைவியார் உமாசுந்தரியுடன் தோட்டந்தோறும் சென்று அவர் கேட்டார். அன்றாடக் கூலியில் அரிசிக்கும் பருப்புக்கும் போக மிஞ்சுவதே அரிதான ஜனங்களுக்குப் பத்து வெள்ளி அற்பத் தொகை அல்ல, ஆயினும் கொடுத்தார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் சங்கத்தின் கைக்கு வந்தது. பின்னர் வேறு பல தோட்டங்களும் வந்தன. மலேசியத் தமிழரின் பொருளாதாரச் சரித்திரத்தில் இதற்கு நிகரான காரியம் வேறொன்று நடக்கவில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். சங்கம் அங்கத்தினருக்குத் தனித்தனி மனையாக நிலத்தைப் பிரித்துக் கொடுக்கவில்லை என்கிற குறை சொல்லப்படுவதுண்டு. பிரித்திருந்தால் அதுவே மற்றொரு துண்டாடலாய் முடிந்திருக்கும். தோட்டம் தோட்டமாக நின்றதனால்தான் வேலையும் குடியிருப்பும் தப்பின.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படித் தப்புவது இயலவில்லை. இங்கே நகரமே தோட்டங்களை விழுங்கியது. 1950களில் எஃபிங்ஹாம் தோட்டத்து மண்ணில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. 1970களில் சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாக மாறத் தொடங்கியது. வெளியேறியவர்கள் ஆற்றங்கரையிலும் தண்டவாள ஓரத்திலும் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். சட்டத்துக்குப் புறம்பான அந்தக் கம்பத்து வீடுகளில்தான், விநோதமாக, அவர்களுடைய நெடுநாள் விருப்பம் சில காலம் நிறைவேறியது. வாசலில் ஒரு தகரக் கொட்டகை இறக்கி மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தார்கள், இரும்பு பற்றவைத்தார்கள், பூமாலை கட்டினார்கள், மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். 2005க்குள் சிலாங்கூரில் புறம்போக்குக் குடியிருப்பே இராது என்று அரசு முனைந்தபோது அவர்கள் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் சீராகக் கிடைத்தது மெய்யான லாபம். ஆனால் ஐந்தாம் மாடியில் மாடு கட்ட முடியாது, இரும்பு வெட்ட முடியாது. எத்தனையோ சிறு தொழில்கள் அந்த மாடிப் படிகளின் கீழேயே நின்றுவிட்டன.

இனி, நிலம் தேடிப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் மண்ணை விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. விவசாய நிலத்தில் உடையவன் குடியிருக்க வீடு கட்டலாம், அந்நிலத்தில் விளைந்ததைப் பதப்படுத்தக் கொட்டகையும் போடலாம். லாரி பழுது பார்க்கும் பட்டறைக்கோ இரும்புப் பட்டறைக்கோ அதே நிலத்தில் இடம் வேண்டுமானால் வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்து, மாநில அரசின் சம்மதம் பெற்று, அது விதிக்கும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். ரயில்வேயும் தோட்டத்துரையும் பிரித்து வைத்த வீட்டையும் பட்டறையையும் மறுபடி ஒன்றாக்குவதற்கு இதுவே நேர்வழி. ஆகையால் நிலம் எவ்வளவு மலிவாக வந்தாலும் முன்பணம் கொடுக்குமுன் மாவட்ட நில அலுவலகத்துக்குப் போய், கிராண்ட் என்னும் நில உரிமைப் பத்திரத்தில் என்ன வகை எழுதியிருக்கிறது, உரிமை நிரந்தரமா அல்லது குத்தகையா, குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு மீதி, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பவற்றை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தரகர் காட்டும் நகலை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.