பிராஞ்ச் ரிக்கி: கேட்சராகவும் கல்லூரிப் பயிற்சியாளராகவும்

வெஸ்லி பிராஞ்ச் ரிக்கி (20 டிசம்பர் 1881 – 9 டிசம்பர் 1965) அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர், கல்லூரிப் பயிற்சியாளர், அணி நிர்வாகி. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மேஜர் லீக் அடைத்து வைத்திருந்த கதவை 1947-இல் ஜாக்கி ராபின்சனைக் கொண்டு திறந்தவர் என்றே உலகம் இவரை அறியும். அதற்கு முந்தைய ரிக்கியை, அதாவது 1903 முதல் 1913 வரை சுமாரான கேட்சராகவும் நல்ல பயிற்சியாளராகவும் ஊர் ஊராக அலைந்தவரை, அதிகம் பேர் கவனிப்பதில்லை. பின்னாளில் அவர் செய்த பெரிய காரியங்களுக்கெல்லாம் விதை அந்தப் பத்தாண்டில்தான் கிடக்கிறது.

ஓஹையோ மாநிலத்தின் தென்பகுதியில் ஸ்டாக்டேல் என்ற சிற்றூரில் மெதடிஸ்ட் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெயரில் உள்ள 'வெஸ்லி', அந்தத் திருச்சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லியின் நினைவாக வைத்தது. கல்லூரிக்குப் போகுமுன்பே டர்க்கி கிரீக் என்ற இடத்தில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு டெலவேர் நகரிலிருந்த ஓஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1902 கோடையில் போர்ட்ஸ்மத் ஊர் அணிக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆடியதால், கல்லூரி அணியில் ஆடும் தகுதி போயிற்று. ஆடக்கூடாது என்று வெளியேற்றப்பட்ட அதே மாணவரை 1903 வசந்தத்தில் அணியின் பயிற்சியாளராக அமர்த்தினார்கள். அப்போது அவருக்கு வயது 21.

அந்த அணியில் இருந்த ஒரே கறுப்பின மாணவர் சார்லஸ் தாமஸ். நோட்டர் டேம் அணியுடன் ஆட இண்டியானாவின் சவுத் பெண்ட் நகருக்குப் போனபோது, ஹோட்டலில் தாமசுக்கு மட்டும் அறை இல்லை என்றார்கள். ரிக்கி வாதாடி, தன் அறையிலேயே ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டுத் தாமசைத் தங்க வைத்தார். அன்றிரவு தாமஸ் அழுதபடி, தன் கைத் தோலை உரித்தெடுத்து விடுபவர்போலத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்பது ரிக்கி வாழ்நாளெல்லாம் சொன்ன கதை. நடந்த ஆண்டை 1903 என்றும் 1904 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ரிக்கி மேடைப் பேச்சில் வல்லவர். சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறியிருக்கக்கூடும். ஆனால் நிகழ்ச்சியின் சாரம் உண்மை என்று தாமசே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தாமஸ் பிறகு பல் மருத்துவரானார்.

கோடை விடுமுறைகளில் ரிக்கி மைனர் லீக்கில் ஆடினார். 1903-இல் டெர்ரே ஹாட், லெ மார்ஸ். 1904-இல் டெக்சஸ் லீக்கின் டாலஸ். அந்தக் காலத்து மைனர் லீக் அணிகள் பெரும்பாலும் உள்ளூர் முதலாளிகளின் சொந்தச் சொத்து. நல்ல ஆட்டக்காரன் ஒருவன் தேறிவிட்டால், அதிக விலை தரும் மேஜர் லீக் அணிக்கு அவனை விற்றுக் காசாக்குவார்கள். ரிக்கியும் அப்படிக் கைமாறிய சரக்குதான். 1904-இன் கடைசியில் சின்சினாட்டி ரெட்ஸ் அவரை வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆடுவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்றார். கூட்டமும் வசூலும் குவியும் நாள் ஞாயிறு. எந்த மேலாளர் பொறுப்பார்? ஒரு ஆட்டம்கூட ஆடாமல் டாலசுக்கே திரும்பினார்.

1905-இல் செயிண்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம். 1906-இல் அதே அணியில் 65 ஆட்டங்கள் ஆடி .284 சராசரி எடுத்தார். அவர் மட்டைக்கு அதுதான் பொற்காலம். அடுத்த ஆண்டு, இன்றைய யாங்கீஸ் அணியின் முன்னோடியான நியூயார்க் ஹைலாண்டர்சுக்கு மாறியபோது தோள் கெட்டிருந்தது.

கேட்சருக்குத் தோள் போனால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர்போல மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருப்பவர் அவர். பந்து வீசப்படும் கணத்தில் முதல் பேஸில் நிற்பவன் இரண்டாவதற்கு ஓட்டம் பிடித்தால், அதற்குப் பெயர் பேஸ் திருட்டு. கேட்சர் பந்தைப் பிடித்து எழுந்து, 127 அடி தள்ளியிருக்கும் இரண்டாவது பேஸுக்கு அவனை முந்தி எறிய வேண்டும். 1907 ஜூன் 28 அன்று வாஷிங்டன் அணிக்கு ரிக்கியின் எறியைப் பற்றிய பயம் துளியும் இல்லை. ஒரே ஆட்டத்தில் 13 பேஸ்களைத் திருடிக்கொண்டு போனது. அந்தப் பருவத்தின் முடிவில் அவர் சராசரி .182.

பிறகு காசநோய் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் லேக் சானடோரியத்தில் சிகிச்சை முடித்துக்கொண்டு, 1909-இல் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தது பயிற்சியாளர் வேலை. 1910 முதல் 1913 வரை அவருடைய மிச்சிகன் அணி 68 ஆட்டங்களில் வென்றது, 32-இல் தோற்றது, 4 சமன். இடையே ஐடஹோவின் பாய்சி நகரில் வக்கீல் தொழிலையும் தொடங்கிப் பார்த்தார், கட்சிக்காரர்கள் வரவில்லை.

மிச்சிகனில் கிடைத்த மாணிக்கம் ஜார்ஜ் சிஸ்லர் என்ற பொறியியல் மாணவர். 17 வயதில், பெற்றோர் சம்மதம் இல்லாமல், ஆக்ரன் அணியின் ஒப்பந்தத்தில் சிஸ்லர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தத் தாள் கைமாறிக் கைமாறிப் பிட்ஸ்பர்க் அணியிடம் போக, அந்த அணி சிஸ்லரைத் தனக்கே சொந்தம் என்றது. சட்டம் படித்த பயிற்சியாளர் துணை நிற்க, ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பானது. பாய்சியில் பயன்படாத வக்கீல் படிப்பு இங்கே பயன்பட்டது. 1915-இல் சிஸ்லர் கையெழுத்திட்ட அணி பிரவுன்ஸ். அப்போது அதன் மேலாளர் ரிக்கிதான். 1920-இல் சிஸ்லர் அடித்த 257 ஹிட்கள் 2004 வரை முறியடிக்கப்படவில்லை.

1913-இல் பிரவுன்சுக்கு வந்தபோது ரிக்கி கல்லூரியையும் கூடவே கொண்டுவந்தார். கரும்பலகையில் பாடம், சறுக்கிப் பழக மணல் குழி. பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். பின்னர் கையில் காசில்லாத செயிண்ட் லூயிஸ் கார்டினல்சுக்குப் போனவர், விலைக்கு வரும் ஆட்டக்காரர்களுக்காகப் பணக்கார அணிகளோடு போட்டியிடுவதை விட்டுவிட்டு, மைனர் லீக் அணிகளையே வாங்கி அங்கே ஆட்களை வளர்க்கத் தொடங்கினார். கைமாறும் சரக்காக இருந்து அந்தச் சந்தையை அறிந்தவருக்குத்தான் இந்த யோசனை தோன்றியிருக்கும். பின்னாளில் புரூக்ளின் அணிக்கு மாறியவர், 1945 ஆகஸ்டில் அதன் அலுவலகத்தில் ராபின்சனை முதன்முதலாகச் சந்தித்தார்.

1967-இல், இறந்த பிறகு, ரிக்கியைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். ஆட்டக்காரராக அவருடைய மேஜர் லீக் கணக்கு 120 ஆட்டங்கள், சராசரி .239. ஒரே ஆட்டத்தில் 13 பேஸ்களைப் பறிகொடுத்த சாதனை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.