டாலஸ் நாடகமும் 42 கடிதங்களும்

தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்போரைப் பற்றி எழுதியவர் பலர். அவர்களையே பேசவிட்டுக் கேட்டவர் சிலர். அச்சிலருள் முன்னோடி இயென் ஆங் அம்மையார். ஜாவாத் தீவின் சுராபாயா நகரில் 1954-ஆம் ஆண்டில் சீனக் குடும்பம் ஒன்றில் பிறந்து, இளமையிலேயே நெதர்லாந்தில் குடியேறியவர் அவர்.

'டாலஸ்' 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய நாடகம். டெக்சாஸ் மாநிலத்து எண்ணெய்ச் செல்வர் குடும்பம் ஒன்றின் பூசல்களே அதன் கதை. 1982-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் நெதர்லாந்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதனைக் கண்டு வந்தனர். கற்றோர் பலர் அதனை அமெரிக்கக் குப்பை என இகழ்ந்தனர். அக்காலத்தில்தான் அம்மையார் 'விவா' என்னும் மகளிர் இதழில் சிறு விளம்பரம் ஒன்று கொடுத்தார். தமக்கு இந்நாடகம் பிடிக்கும் என்றும், அதைச் சொன்னால் பிறர் விந்தையாக நோக்குகின்றனர் என்றும் கூறி, பிடித்தவரும் பிடிக்காதவரும் காரணம் எழுதுமாறு வேண்டினார். வந்தவை 42 கடிதங்கள். அவற்றுள் பெரும்பாலானவை பெண்கள் எழுதியவை.

ஆராய்ச்சியாளர் தம் விருப்பத்தை முதலிலேயே வெளியிடுவது முறையா எனக் கேட்கலாம். வெளியிடாதிருந்தால், விருப்பத்தை மறைத்து வைத்திருந்தோர் எழுதியிருப்பரோ என்பது ஐயமே.

நாடகத்தை வெறுத்தவர்கள் தயக்கமின்றி எழுதினர். விமரிசகரின் வசைச்சொற்கள் அவர்களுக்கு ஆயத்தமாகக் கிடைத்திருந்தன. விரும்பியவர்களுக்கோ அத்தகைய சொற்கள் இல்லை. சிலர் நகைப்பதற்காகவே பார்ப்பதாகக் கூறிக்கொண்டனர். சிலர் குற்றத்தை ஒப்புக்கொள்வார் போல் எழுதினர். அம்மாளிகை வாழ்வு தமக்கு அயலானதே யெனினும், அங்குள்ள துயரும் பிணக்கும் மெய்யானவை என உணர்ந்தோரும் உண்டு. இதனை அம்மையார் உணர்ச்சி வழிப்பட்ட மெய்ம்மை எனக் கொண்டார். ஊரார் முன் தம் விருப்பத்தை எவ்வளவு சொல்லத் துணிந்தனர் என்பதற்கும் இக்கடிதங்கள் சான்றாயின.

ஆயினும் கடிதம் என்பது முன்பின் அறியாத ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை. 1990-களில் நான்சி பேம் என்னும் அமெரிக்க அறிஞருக்கு வேறொரு சான்று வாய்த்தது. 'ஆல் மை சில்ட்ரன்' என்னும் பகல்நேரத் தொடரின் சுவைஞர்கள் கணினி வலையமைப்பின் வழியாகத் தமக்குள் உரையாடி வந்தனர். இவர்களிலும் பெண்களே மிகுதி. தாமும் அவர்களுள் ஒருவராய் இருந்து அப்பேச்சை ஆராய்ந்த பேம், 2000-ஆம் ஆண்டில் அதனை நூலாக்கினார். அங்கே எவரும் மன்னிப்புக் கோரும் தேவை எழவில்லை. கதைமாந்தரின் துயரைத் தம் வாழ்வோடு ஒப்பிட்டுப் பேசினர். கதையின் பொருந்தாமையை எள்ளி நகையாடினர். ஆங் அம்மையாருக்கு எழுதியோரிடம் கேடயமாய் நின்ற நகைப்பு, இக்குழுவில் பாராட்டுப் பெறும் திறமையாய் விளங்கியது.