வாத்தியாரும் ரெண்டு இயந்திரங்களும்

மன்னார்புரத்துல பஸ் ஏறினா காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம். சுஜாதா என்கிற ரங்கராஜன் (1935-2008) பாட்டி வீட்டில் வளர்ந்த ஊர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு வாத்தியாருக்கு உண்டு.

எண்பதுகளில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது ஜீனோங்கற இயந்திர நாய்தான். எனக்கு இன்னமும் உறுத்துறது ஜீவா. நாடே கும்பிடுற அந்தச் சர்வாதிகாரி மனுஷனே இல்லை, வெறும் ஹோலோகிராம்!

ஓட்டை எண்ண மெஷின் செய்தவரே, ஒரு பிம்பம் ஆளுகிற நாட்டையும் யோசிச்சிருக்கார். மெஷினை நம்பினார், அதுக்குப் பின்னாடி நிக்கிற ஆட்களைத்தான் சந்தேகப்பட்டார்னு தோணுது.

ஜீனோவுக்காகப் படிச்சவங்க, ஜீவாவுக்காக இன்னொரு தடவை படிங்க.