உடன் சென்றவர் கண்ட ஜான் யங்

ஒருவருடைய குணத்தை அறிய வேண்டுமாயின், அவரோடு உழைத்தவரைக் கேளுங்கள் என்று வகுப்பறையில் நான் அடிக்கடி சொல்வதுண்டு. ஒருவர் செய்த செயலைப் பதக்கங்கள் கூறும். அதை எவ்வாறு செய்தார் என்பதைத் தோழரே கூறவல்லார். அவ்வகையில், அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் யங் என்பவரைப் பற்றி இன்று சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

யங் 1930-ஆம் ஆண்டில் பிறந்தார். பொறியியல் பயின்று, கடற்படை விமானியாகிப் புதிய விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் பணியில் ஈடுபட்டார். 1962-இல் நாசா நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்தது. 1965 முதல் 1983 வரை ஆறு முறை அவர் விண்வெளிக்குச் சென்றார். ஜெமினி, அப்பல்லோ, விண்ணோடம் ஆகிய மூவகைக் கலங்களிலும் இருமுறை பறந்தார்.

1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 கலத்தில் அவருடன் சந்திரனில் இறங்கியவர் சார்லஸ் டியூக். ராக்கெட் கிளம்பிய வேளையில் தம் நாடி நிமிஷத்திற்கு 144 முறை துடித்தது என்றும், அருகிலிருந்த யங்கின் நாடியோ 70 முறையே துடித்தது என்றும் டியூக் பிற்காலத்தில் நகைத்துக்கொண்டே சொல்வார். சந்திரனில் இருவரும் ஏறத்தாழ மூன்று நாட்கள் தங்கினர். அங்கே உற்சாக மிகுதியால் துள்ளிக் குதித்த டியூக், நிலைதடுமாறி மல்லாந்து விழுந்தார். முதுகிலிருந்த உயிர்காப்புக் கருவி உடைந்திருப்பின் உயிர் தப்பியிராது. யங் அருகில் வந்து, அது புத்திசாலித்தனமான காரியம் அன்று என்று சுருக்கமாகச் சொல்லிக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாராம்.

1981 ஏப்ரல் 12-ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் முதன்முதலாக விண்ணேறியது. ஆளில்லாமல் அனுப்பி முன்கூட்டிச் சோதிக்கப்படாத கலம் அது. ஐம்பது வயது யங் அதன் தலைவர். ராபர்ட் கிரிப்பன் துணைவர். அன்றும் கிரிப்பனின் நாடி 130-ஐ எட்டியது; யங்கினுடையது அதைவிட மிகக் குறைவு. தமக்கும் பரபரப்பு இருந்தது, கிழட்டு இருதயம் வேகமாக ஓட மறுத்தது, அவ்வளவே என்று யங் வேடிக்கையாகச் சொன்னதைக் கிரிப்பன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இவற்றைக் கேட்டு, அவர் ஆபத்தை அறியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஆபத்து எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஆராய்வதே அவர் வழக்கம். 1986 ஜனவரி 28-இல், புறப்பட்ட 73 விநாடிகளில் சாலஞ்சர் விண்ணோடம் சிதறி எழுவர் மாண்டனர். அப்போது விண்வெளி வீரர்களுக்குத் தலைவராயிருந்தவர் யங். கால அட்டவணையின் நெருக்கடிக்குப் பாதுகாப்பு பலியாகக் கூடாது என்று வற்புறுத்தி, மற்றக் குறைபாடுகளையும் வரிசைப்படுத்தி, மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். அது பத்திரிகைகளிலும் வெளிவந்தது. மறு ஆண்டில், 1974 முதல் வகித்த தலைமைப் பதவியிலிருந்து அவர் மாற்றப்பட்டார். அக்கண்டனமே அதற்குக் காரணம் என்று பலர் கருதினர்.

அவர் விலகிச் செல்லவில்லை. பாதுகாப்பைப் பற்றித் தொடர்ந்து எழுதியவாறே பணியாற்றி, 42 ஆண்டுகள் நிறைவுற்ற பின் 2004 இறுதியில் ஓய்வு பெற்றார், 2018-இல் காலமானார்.

மாணவர்களே, ராக்கெட்டின் உச்சியில் அமைதியாக வீற்றிருந்ததை வீரம் என்று உலகம் புகழ்ந்தது. தோழர்களின் உயிருக்காகப் பதவியையும் பொருட்படுத்தாமல் எழுதிய கடிதத்தையும் அந்த வீரத்தோடு சேர்த்தே நீங்கள் எண்ண வேண்டும் என்பது என் விருப்பம்.